அக்கிக்குப் பக்கோடா வாங்கி வந்தவர்

உடம்பில் அக்கி வந்ததற்குச் சந்தோஷப்பட்டு, கால் கிலோ வெங்காயப் பக்கோடா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த மனிதர் இந்தக் கறம்பக்குடி வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவர் என் மருமகன் குழந்தைசாமி. அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சத்யா எழுதுகிறாள். நடுவில் நல்ல வார்த்தையாக நாலு சேர்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நான் சொல்வதே போதும் என்று சொல்லிவிட்டேன்.

குழந்தைசாமி என் அண்ணன் மகன். பிறந்த அன்றைக்கு அவரைக் குளிப்பாட்டியதே நான்தான். அப்போதிலிருந்து 'டேய் கொழந்த' என்றுதான் கூப்பிடுவேன். என் மகள் அமராவதியை அவருக்குக் கட்டிக்கொடுத்த அன்றைக்குப் பந்தியில் பரிமாறிக்கொண்டு வந்தவள், பழக்கத்தில், "டேய் கொழந்த, பாயசம் வாங்கிக்கடா" என்று சொல்லிவிட்டேன். பந்தியே சிரித்தது. என் அண்ணிக்கு மட்டும் முகம் சுருங்கிப் போயிற்று. அன்றோடு அந்த 'டா'வை விட்டேன். பத்தொன்பது வருஷமாக 'வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள'தான். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. "பக்கத்துல வேற யாரும் நிக்கிறாங்களான்னு திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு அத்தை" என்பார். நான் விட்டது விட்டதுதான்.

அவர் மினி பஸ் கண்டக்டராக இருந்தார். கறம்பக்குடியிலிருந்து உள்ளே இருக்கிற ஊர்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு நடை. ஆட்டுக்குட்டியோடு யாராவது ஏறினால், "மடியில வச்சிருந்தா இலவசம், எறக்கிவிட்டா முழு டிக்கெட்டு, கத்துச்சுன்னா ரெண்டு டிக்கெட்டு" என்பார். அந்த ஏழு நடையிலும் எவளுக்குப் பேறுகாலம், எவன் துபாயிலிருந்து வந்திருக்கிறான், எந்த ஊர் டிரான்ஸ்பார்மர் வெடித்தது எல்லாம் அவர் வாயிலிருந்து சுடச்சுட வரும்.

இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. நாங்கள் பானை வனைகிற வேளார் வீட்டுக்காரர்கள். அக்கி வந்தால் சுற்று வட்டாரம் எங்கள் வாசலுக்குத்தான் வரும். இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாக மட்டும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பி, நெருப்பை வைத்த மாதிரி எரியுமே, அதுதான் அக்கி. காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் தொட்டு, அதைச் சுற்றி ஒரு சிங்கத்தை எழுத வேண்டும். வரைவது என்று சொல்ல மாட்டோம், எழுதுவது என்றுதான் சொல்லுவோம். காலையிலும் சாயங்காலமும் வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஆண்களுக்கு அவர் எழுதுவார், பெண்களுக்கு நான். பள்ளிக்கூடம் மிதிக்காத எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நாள் முழுக்க பஸ்ஸில் நின்று இடுப்பு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று கடையில் மாத்திரை வாங்கி வாங்கி விழுங்கினார். கூடவே பிரஷரும் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இரண்டு கிட்னியும் போய்விட்டது. இரண்டு வருஷம் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டார். அங்கேயும் வாய் ஓயவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம், "எல்லாரும் சில்லறை வச்சுக்கங்க, வண்டி நாலு மணி நேரம் கழிச்சுத்தான் நிக்கும்" என்பாராம்.

கடைசியில் அமராவதியின் ரத்தம் அவருக்குப் பொருந்தியது. என் மகள் ஜாக்கெட் தைக்கிறவள், அளந்துதான் பேசுவாள். "ரெண்டு இருக்குல்ல, ஒண்ணை எடுத்துக்கிடச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. நான்கு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. அவளுடைய கிட்னியை அவருடைய வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் அந்த இடத்தைத் தட்டிக்காட்டி, "பொண்டாட்டி எப்பவும் எங்கூடத்தான் வர்றா, தனியா டிக்கெட்டு வேணாம்" என்று எல்லாரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டார். கூட்டத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் கண்டக்டர் வேலையை விட்டார். இப்போது கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் மாஸ்க் போட்டுக்கொண்டு மினி பஸ்களுக்கு டைம் கீப்பராக இருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட அன்றைக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். எதெது வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று அதில் போட்டிருந்ததாம். கிட்னி மாற்றியவர்களைப் பார்த்துக்கொள்கிற ஜஸ்டின் என்ற ஆவூர்ப் பையன் அதை அமராவதி கையில் கொடுத்தான். அவளும் படித்தாள், மாப்பிள்ளையும் படித்தார், பைலில் வைத்துப் பையை மூடிவிட்டார்கள். எனக்குப் படிக்கத் தெரியாதே. "தம்பி, எனக்கு வாயால சொல்லு" என்று அவனை நிறுத்தினேன். அவனும் சலிக்காமல் உட்கார்ந்து சொன்னான்.

"இது வேற ஆளோட கிட்னின்னு ஒடம்பு கண்டுபிடிச்சா சண்டைக்கு வரும் பாட்டி. அதுக்காக ஒடம்புல இருக்கிற காவக்காரங்களைப் பாதி தூங்க வைக்கத்தான் இந்த மாத்திரையெல்லாம். ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஆனா காவல் கொறைஞ்ச வீட்டுல கிருமி சுலபமா நொழைஞ்சிரும். அதனால காய்ச்சல் வந்தா கூப்புடுங்க. ஒண்ணுக்குக் கொறைஞ்சா கூப்புடுங்க. கால் வீங்குனா, வாந்தி எடுத்தா, தோல்ல எந்தக் கொப்புளம் வந்தாலும் அன்னைக்கே கூப்புடுங்க."

விரல் கணுவில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொன்னான். ஐந்தும் சரியாக இருந்தது.

இந்த வருஷம் மாசி மாதம் அமராவதி குன்றாண்டார்கோவிலில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் மத்தியானம் வருவதாக இருந்தது. அவள் போவதற்கு முந்திய இரண்டு நாளும் மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனார். அவர் பேசாமல் இருந்தால் வீட்டில் கரண்ட் போன மாதிரி இருக்கும். கேட்டால் ஒன்றுமில்லை என்றார். அவள் போன சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"அத்தை, பக்கோடா சாப்புடுங்க. அக்கிதான்."

"எது அக்கி?"

"மூணு நாளா முதுகுல எரிச்சலு. குத்துது, பிடுங்குது. கிட்னிதான் போச்சு, அவ குடுத்ததைத் தொலைச்சிட்டோம்னு நெனச்சு நான் செத்தே போயிட்டேன். காலையில டீக்கடைக் கண்ணாடியில முதுகைத் திருப்பிப் பாத்தா அக்கி அத்தை, வெறும் அக்கி. காவியைக் கொழைங்க. எம் முதுகுல நானே எழுதிக்க முடியாது. அமராவதி வாரதுக்குள்ள ரெண்டு தடவை எழுதிட்டா அடங்கிரும்."

சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடது விலாவிலிருந்து முதுகுத்தண்டு வரைக்கும் செக்கச்செவேலென்று, கடுகு தெறித்த மாதிரி கொப்புளம். அசல் அக்கிதான். ஆனால் என் விரல் தானாகக் கணுவுக்குப் போய்விட்டது.

"எழுதறேன். மொதல்ல அந்த ஜஸ்டின் தம்பிக்குப் போனைப் போடுங்க" என்றேன்.

"அக்கிக்கு எதுக்கு அத்தை ஜஸ்டினு? அவரு கிட்னிக்கு ஆளு."

"எந்தக் கொப்புளம் வந்தாலும் அன்னைக்கே கூப்புடணும்னு சொல்லியிருக்கான்."

"அது வேற கொப்புளமா இருக்கும்."

"கொப்புளத்துல சாதி பாத்தா சொன்னான்?"

சிரித்தார். பக்கோடாவை என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை.

"நான் இதுவரைக்கும் முந்நூறு பேருக்கு எழுதியிருப்பேன் அத்தை. யாரு செத்தா?"

"அந்த முந்நூறு பேருக்கும் எம்மவ கிட்னி குடுத்திருக்காளா?"

ஆனாலும் விடுகிற ஆளில்லை. போன் போட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவார்கள், அமராவதி பயந்துவிடுவாள், பிழைப்புக் கெடும் என்று அடுக்கினார். "நானும் ஒரு யோசனை பண்ணிட்டேன்" என்றும் சொன்னார். என்ன யோசனை என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. கடைசியில் கோபம் வந்து எழுந்துவிட்டார்.

"நீங்க எழுதலேன்னா போங்க. மலையூர்ல எழுதுற ஆளு இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள நான் அங்கிட்டுப் போயி எழுதிக்கிட்டு வாரேன்."

பைக் சாவியை எடுத்தார். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

"டேய் கொழந்த. சாவியை வைடா. வச்சிட்டுப் போனை எடுடா."

பத்தொன்பது வருஷம் கழித்து அந்த 'டா' வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சாவியைப் பக்கோடாவின் மேலேயே வைத்துவிட்டு, ஏழு வயதுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து போனைப் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன்.

ஜஸ்டின் கேள்வி மேல் கேள்வி கேட்டான். காய்ச்சல் உண்டா, கண்ணில் முகத்தில் உண்டா, மறுபக்கம் தாண்டியிருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். கடைசியில், "மாத்திரையெல்லாம் சரியாப் போடுறீங்கல்ல அண்ணே?" என்றான். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காலையில போடலைங்க."

"ஏன்?"

"அக்கின்னு தெரிஞ்சிச்சு. மாத்திரைதான காவலைக் கொறைக்குது, ரெண்டு நாளைக்கு நிறுத்திட்டா காவக்காரன் எந்திரிச்சு அக்கியை அடிச்சு வெரட்டிருவான்னு…"

இதுதான் அவருடைய யோசனை.

"அண்ணே, காவக்காரன் எந்திரிச்சா அக்கியை மட்டுமா அடிப்பான்? அக்கா கிட்னியையும் சேத்துல்ல அடிப்பான். டாக்டர்கிட்ட கேட்டுட்டு ரெண்டு நிமிசத்துல கூப்புடுறேன். நீங்க இப்பவே கெளம்புங்க. கொப்புளத்து மேல எதையும் பூசாதீங்க."

"காவிகூடவா?"

"காவிதான் அண்ணே முக்கியமா."

போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வேன். "போன் போட்டா எழுதறேன்னு சொன்னீங்க. இப்ப அவன் எழுதக் கூடாதுங்கிறான். நல்லா ஏமாத்திட்டீங்க அத்தை" என்றார். அதற்குள் ஜஸ்டின் மறுபடியும் கூப்பிட்டு, டாக்டர் சொன்னபடி விட்டுப்போன மாத்திரையை எந்த அளவில் போட வேண்டும் என்று சொன்னான். போட்டதைப் பக்கத்தில் நின்று நானே பார்த்தேன்.

கார் பிடித்துப் புறப்பட்டோம். சடங்கு வீட்டுக்குப் போனில் சொல்லியிருந்ததால், வழியில் கீரனூரில் அமராவதி பட்டுச் சேலையோடு நின்று ஏறிக்கொண்டாள். "சும்மா செக்கப்புத்தான்" என்றார் மாப்பிள்ளை. அவள் அவருடைய சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். மாத்திரை விட்டதை நான்தான் சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டு, திருச்சி வருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்தார்கள். அம்மை போடாதவர்களுக்கு இதிலிருந்து அம்மை தொற்றிக்கொள்ளுமாம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு மூன்று வகைக் கிருமிகள் கிட்னி மாற்றியவர்களைத் தேடி வருமாம், அதற்கும் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா பிரகதீஸ்வரி சின்ன வயதுதான், ஆனால் கண்டிப்பு. கிரியேட்டினின் என்று ஒரு கணக்கு, கிட்னி நன்றாக வேலை செய்தால் அது குறைவாக இருக்கும். எப்போதும் அவருக்கு ஒன்று புள்ளி இரண்டு. அன்றைக்கு ஒன்று புள்ளி ஏழு.

"மாத்திரை விட்டதாலயா, அக்கியாலயா, தண்ணி குடிக்காததாலயா, இப்பச் சொல்ல முடியாது. பாப்போம்" என்றார் டாக்டரம்மா. அமராவதி தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் ஜஸ்டின் வந்து விவரம் சொன்னான். "சின்ன வயசுல இவருக்கு அம்மை போட்டுச்சா பாட்டி?"

"ஏழு வயசுல. வேப்பெலை போட்டு நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். மூணு தண்ணி ஊத்தி எறக்கினோம்."

"எறங்கினது மேலதான். அந்தக் கிருமி போகவே இல்லை. முதுகுத்தண்டு பக்கத்துல நரம்புல படுத்துத் தூங்கிக்கிட்டே இருக்கும். இவருக்குக் காவல் கொறைஞ்சதும் எந்திரிச்சு, அந்த நரம்பு வழியாவே அக்கியா வந்திருக்கு. மத்தவங்களுக்கு அது ஒரு பக்கத்தோட நிக்கும். இவரை மாதிரி ஆளுங்களுக்கு ஒடம்பெல்லாம் பரவி நெஞ்சுக்கே போயிரும். அதான் நேத்தே வாங்கன்னேன்."

அம்மையும் அக்கியும் ஒரே கிருமி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை பேருக்குச் சிங்கம் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை படுக்கையிலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"முப்பத்தேழு வருசமா டிக்கெட்டு எடுக்காம எனக்குள்ளயே உக்காந்து வந்திருக்கு. நான் கண்டக்டரா இருந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க தம்பி."

அமராவதி அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒன்று புள்ளி ஆறு. நான்காம் நாளும் அதே. எரிச்சல் தாங்காமல் மாப்பிள்ளை பாயைச் சுருட்டுகிற மாதிரி உடம்பைச் சுருட்டிக்கொண்டார். "அத்தை, வாக்குக் குடுத்தீங்க. ஒரு சிங்கம்" என்று கெஞ்சினார். தோலில் கை வைக்கக் கூடாது. வாக்கையும் விட முடியாது. செவந்தி என்ற நர்ஸ் பிள்ளையிடம் ஒரு அட்டையும் சிவப்புப் பேனாவும் வாங்கினேன். பேனா பிடித்துப் பழக்கமில்லை, கோழி இறகு மாதிரி சொன்னபடி கேட்கவில்லை. எப்படியோ எழுதிக் கால்மாட்டில் மாட்டினேன்.

செவந்தி அதைப் பார்த்துவிட்டு, "பூனை நல்லா இருக்கு பாட்டி" என்றாள்.

"சிங்கம்" என்றேன்.

"அப்படியா. வாலுதான் கொஞ்சம்…"

"பேனா ஒன்னோடது" என்றேன்.

அதற்கு மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் விலா இழுத்து வலித்து, சிரித்துக்கொண்டே அழுதார். அமராவதி அவர் முதுகில் கொப்புளம் இல்லாத பக்கமாகக் கையை வைத்துக்கொண்டாள். காரில் ஏறியதிலிருந்து அன்றைக்குத்தான் அவரைத் தொட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டாள்.

"ஒன் பொருளைத் தொலைச்சிட்டேன்னு ஒங்கிட்டயே எப்புடிச் சொல்றது?"

"பொருளு என்னோடதுதான? அதைக் கேக்க எனக்குத்தான உரிமை? இனிமே மாத்திரை விடுறதா இருந்தா எங்கிட்டத்தான் அனுமதி கேக்கணும்."

"குடுப்பியா?"

"மாட்டேன்."

ஐந்தாம் நாள் ஒன்று புள்ளி நான்கு. கொப்புளம் காயத் தொடங்கியது. எட்டாம் நாள் காலையில் டாக்டரம்மா பேப்பரைக் கையில் பிடித்தபடி வந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒன்று புள்ளி இரண்டு" என்றார். மற்ற கிருமிகளும் ரத்தத்தில் இல்லையாம். கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை கை எடுத்துக் கும்பிட்டார். டாக்டரம்மாவை இல்லை, அமராவதியைப் பார்த்து.

"எம் பொருளு நல்லாத்தான் ஒழைக்கும். வச்சிருக்கிற ஆளைத்தான் கண்காணிக்கணும்" என்றாள் என் மகள். அறை முழுக்கச் சிரித்தது. கண்டிப்பான டாக்டரம்மாவும் சிரித்தார். அப்புறம் விரலை நீட்டி ஒன்று சொன்னார்: இனிமேல் இவர் அக்கி வந்தவர்கள் பக்கத்திலோ அம்மை போட்டவர்கள் பக்கத்திலோ போகவே கூடாது. யாருக்கும் எழுதவும் கூடாது. மாப்பிள்ளை முதல் தடவையாக எதிர்த்துப் பேசாமல், "சரிங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆத்மநாதன் என்று ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சந்தையில் வாழைத்தார் ஏலம் எடுக்கிறவர். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை உள்ளே இருந்தபடியே ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"எத்தனை நாளாச்சு?"

"நேத்துத்தான் அண்ணே. நீங்க ஒரு சிங்கம் எழுதிட்டீங்கன்னா…"

"அங்கிட்டே நில்லு. சுகரு இருக்கா?"

"இருக்குண்ணே, ஆறு வருசமா."

"அப்ப நீ முதல்ல கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. இது மூணு நாளைக்குள்ள மருந்து சாப்பிட்டாத்தான் கேக்கும். சீட்டு வாங்கிட்டு வந்து காட்டு. அப்புறம் கொப்புளம் காஞ்சதும் அத்தை சிங்கமோ பூனையோ எழுதுவாங்க."

"என்னண்ணே, நீங்களே இப்புடிச் சொன்னா?"

"நான்தான்டா சொல்லணும். எட்டு நாளு படுத்திருந்தவன் நான்."

ஆத்மநாதன் என்னைப் பார்த்தார். "ஆம்பளைக்கு நான் எழுதறதில்லை. சீட்டோட வந்தா யோசிக்கிறேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஜன்னல் பக்கமாக ஓரடி எடுத்து வைத்தார். அமராவதி தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராக ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்து மிஷினை மிதித்தாள்.

அந்தச் சத்தத்துக்கு மேலே, சாத்திய கதவுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"ஒம்பது இருவதுக்கு பஸ்ஸு அத்தை. அவன் ஏறுறானான்னு நின்னு பாத்துட்டு வாங்க."

போய் நின்று பார்த்தேன். ஏறிவிட்டார்.